காரின் பின்னால் கட்டி இழுத்த விமானம்

விமானமொன்றை வடிவமைக்க முற்படும் பொறியியலாளர் முதலில் எதைப் பற்றிச் சிந்திப்பார்? வேகம், உயரம், சுமை, தூரம் என்று அடுக்கிக்கொண்டு போகலாம். பறந்து முடிந்த பின்னர் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தி வைப்பது என்ற கேள்வி அவருடைய மேசைக்கு வருவது அபூர்வம். அது வாங்குபவரின் தலைவலி என்று விட்டுவிடுவதே இத்துறையின் வழக்கம்.

1967ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் திகதி மேற்கு ஜேர்மனியில் முதன்முதலாக வானில் ஏறிய எம்.எச்.கே. 101 என்ற மாதிரி விமானம் இந்த வழக்கத்தை மீறியது. இருவர் அருகருகே அமர்ந்து செல்லக்கூடிய சிறிய உல்லாசப் பயண விமானம் அது. அதன் இறக்கைகளைப் பின்னோக்கி மடித்து உடற்பகுதியோடு சேர்த்து வைத்துவிடலாம். மடித்த பின்னர் சாதாரண மோட்டார் கார் ஒன்றின் பின்னால் கொழுவி, அதன் சொந்தச் சக்கரங்களிலேயே உருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். இதனை வடிவமைத்த ஹெர்மன் மிலியுஸ், பேல்கோ என்ற பெரிய நிறுவனத்தின் தொழில்நுட்பப் பணிப்பாளராக இருந்தவர். ஆயினும் இந்த விமானம் அந்த நிறுவனத்தின் கட்டளைப்படி உருவானதன்று. அவர் தமது தனிப்பட்ட முயற்சியாகவே அதனைத் தொடங்கினார்.

இந்த விமானத்தின் பிற்கால வரலாற்றை ஒரு தோல்விக் கதையாகவே பலரும் எழுதுவர். நூற்றுச் சொச்சம் விமானங்களோடு அதன் உற்பத்தி நின்றுபோனது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அது தோல்விதான். ஆனால் ஒரு வடிவமைப்பை எடைபோடுவதற்கு விற்பனை எண்ணிக்கை மட்டும் போதுமா என்பதே இங்கு நான் எழுப்ப விரும்பும் கேள்வி. அதற்கு விடை காண, அந்த விமானம் பிறந்த நாட்டின் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாம் உலகப்போரில் தோற்ற ஜேர்மனிக்கு 1945இல் விமானம் கட்டுவது முற்றாகத் தடைசெய்யப்பட்டது. 1951இல் இயந்திரமில்லாத மிதவை விமானங்களுக்கு மட்டும் நேச நாடுகள் அனுமதி வழங்கின. 1955 மே மாதம் மேற்கு ஜேர்மனி தனது இறைமையை மீளப் பெற்ற பின்னரே இயந்திர விமானத் தொழிலுக்குக் கதவு திறந்தது. இடைப்பட்ட பத்து ஆண்டுகளில், ஒருகாலத்தில் ஐரோப்பிய வானத்தையே நடுங்க வைத்த நிறுவனங்கள் வயிற்றுப்பாட்டுக்காக என்னென்னவோ செய்தன. மெஸர்ஸ்மிற் நிறுவனம் மூன்று சக்கரங்களில் ஓடும் குட்டிக் கார் ஒன்றை 1953 முதல் விற்றது. ஒருவர் பின் ஒருவராக அமர்ந்து, மேலே கண்ணாடி மூடியைக் கவிழ்த்துக்கொண்டு ஓட்டும் அந்த வண்டியைப் பார்த்தவர்கள் இறக்கை கழன்ற போர் விமானம் என்று கேலி செய்தனர். குண்டுவீச்சு விமானங்களுக்குப் பேர்போன ஹைங்கல் நிறுவனம் ஸ்கூட்டர் தயாரித்தது. 1956இல் அதுவும் ஒரு குட்டிக் காரைச் சந்தைக்கு விட்டது. டோர்னியர் குடும்பத்தினர் ஸ்பெயினுக்குச் சென்று வேலை செய்தனர். போர் விமான வடிவமைப்பில் புகழ்பெற்ற கூர்ற் டாங்க் ஆர்ஜென்ரீனாவுக்கும், அங்கிருந்து இந்தியாவுக்கும் சென்றார். 1961இல் பெங்களூரில் பறந்த மாருத் ஜெற் விமானம் அவரது கைவண்ணமே.

தடை நீங்கியதும் ஜேர்மனியர் மீண்டும் தொடங்கியது சிறியவற்றிலிருந்துதான். ஸ்பெயினில் முளைவிட்ட டோர்னியர் டி.ஓ. 27, போருக்குப் பின்னர் ஜேர்மனியில் பெருந்தொகையாகக் கட்டப்பட்ட முதல் விமானமாயிற்று. குறுகிய புல்வெளியில் இறங்கி ஏறக்கூடிய அந்த விமானம் அறுநூறுக்கு மேல் கட்டப்பட்டது. 1920களிலேயே 20 குதிரைவலு இயந்திரத்தோடு இலகு விமானம் செய்து காட்டிய ஹான்ஸ் கிளெம் என்பவரின் நிறுவனமும் போர்க்காலத்தில் இடைநின்றுபோன மரத்தாலான கிளெம் 107ஐ மீண்டும் எடுத்தது. இந்த வடிவமைப்பு 1959இல் பேல்கோவின் கைக்கு வந்து, அடுத்த ஆண்டில் நால்வர் அமரும் பி.ஓ. 207 ஆக உருமாறியது.

லுட்விக் பேல்கோ, போர்க்காலத்தில் மெஸர்ஸ்மிற் நிறுவனத்தில் புகழ்பெற்ற 262 ஜெற் விமானத்தில் பணிபுரிந்தவர். 1948இல் சொந்தமாக ஒரு பொறியியல் பணிமனையைத் தொடங்கினார். அவரது அடுத்த இலகு விமானமான பி.ஓ. 208 ஜூனியர், உண்மையில் சுவீடன் நாட்டுக்காரரின் கற்பனை. பியோர்ன் அந்திரெயாசன் என்ற பொறியியலாளர் அமெரிக்காவில் வேலை செய்துகொண்டிருந்த காலத்தில் தாமாகவே கட்டி 1958இல் பறக்கவிட்ட இரண்டு இருக்கை விமானம் அது. சுவீடனில் எம்.எஃப்.ஐ. 9 என்ற பெயரில் உற்பத்தியான அதனை, அனுமதி பெற்று ஜேர்மனியில் பேல்கோ கட்டியது. இந்த ஜூனியரை அடியொற்றியே மிலியுஸ் தமது மாதிரியை வரைந்தார்.

அவர் மாற்றியது என்ன? ஜூனியரின் இறக்கை உடற்பகுதியின் மேற்புறத்தோடு பொருந்தி, முன்னோக்கிச் சரிந்து, ஒரு தாங்குதண்டினால் முட்டுக்கொடுக்கப்பட்டிருந்தது. மிலியுஸ் இறக்கையைக் கீழே இறக்கினார். தாங்குதண்டை அகற்றிவிட்டு, தன்னையே தாங்கிக்கொள்ளும் உலோக இறக்கையை வைத்தார். முட்டுத்தண்டு இல்லாமற் போனதும் இறக்கையை மடிப்பதற்கு வழி பிறந்தது. இருவருக்கும் நாற்புறமும் பார்வை கிடைக்கும்படி பெரிய கண்ணாடி மூடி ஒன்றைப் பொருத்தினார். மாதிரி விமானத்தில் இருந்தது 115 குதிரைவலு கொண்ட லைகொமிங் இயந்திரம். பின்னர் உற்பத்திக்கு வந்தபோது 150, 160 குதிரைவலு இயந்திரங்கள் இடம்பிடித்தன.

உற்பத்தி விமானத்தில் இன்னொரு விசித்திரமும் இருந்தது. பொதுவாக ஒரு விமானத்தின் சக்கரங்கள் யாவும் உள்ளே மடங்கும், அல்லது யாவும் வெளியே நிற்கும். இதிலோ விரும்பியவர்கள் மடங்கும் முன்சக்கரத்தைப் பெற்றுக்கொள்ளலாம். பிரதான சக்கரங்கள் இரண்டும் நிலையாகவே நிற்கும். அரைகுறை வேலை என்று தோன்றக்கூடும். ஆனால் கணக்குப் பார்த்தால் அதன் நியாயம் புரியும். முன்சக்கரம் சுழலியின் நேர்பின்னால், அது தள்ளும் பலத்த காற்றுக்குள் நிற்கிறது. காற்றுத்தடையில் அதன் பங்கு அதன் அளவுக்கு மிஞ்சியது. பிரதான சக்கரங்களை மடக்குவதற்கோ இறக்கைக்குள் இடமும் பொறிமுறையும் வேண்டும். எடையும் செலவும் பழுதும் கூடும். மடிக்க வேண்டிய இறக்கைக்குள் இத்தனையையும் திணிப்பது பெருஞ்சிக்கல். ஆகவே கொடுக்கும் காசுக்கு அதிக பயன் தரும் சக்கரத்தை மட்டும் மடக்கு, மற்றவற்றை விட்டுவிடு என்பதே அதன் தர்க்கம். சிக்கனமான குடும்பத்தலைவியின் தர்க்கம் இது.

இறக்கை மடிப்பின் பின்னாலும் இதே சிக்கனம்தான் இருக்கிறது. தனியார் விமானமொன்றை வைத்திருப்பவரைக் கேட்டால், வாங்கிய விலை ஒருமுறைதான் வலித்தது, கொட்டகை வாடகையோ மாதந்தோறும் வலிக்கிறது என்பார். எட்டரை மீற்றர் அளவுக்கு இறக்கை விரித்து நிற்கும் பொருளை மழைக்கும் பனிக்கும் ஒதுக்கி வைக்கப் பெரிய கூரை வேண்டும். நகரத்தை அண்டிய விமானத்தளங்களில் இடம் அரிது, ஆகவே விலை அதிகம். விமானத்தின் இறக்கையை மடித்துவிட்டால், ஒன்று நிற்கும் இடத்தில் பலவற்றை நிறுத்தலாம், வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம். போருக்குப் பிந்திய ஜேர்மனியில் மெல்ல மெல்ல வசதி கண்டுகொண்டிருந்த ஒரு வைத்தியரோ, ஆசிரியரோ, சிறு வியாபாரியோ விமானம் வைத்திருக்க வேண்டுமானால் எது தடையாக இருக்கும் என்று யோசித்த ஒருவருக்குத்தான் இந்த எண்ணம் தோன்றும்.

இந்த எண்ணம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஜேர்மனியில் வாழும் நம்மவர்கள், வார இறுதிகளில் நெடுஞ்சாலைகளில் நீண்டு ஒடுங்கிய வெள்ளைப் பெட்டிகளைக் கார்கள் இழுத்துச் செல்வதைக் கண்டிருப்பார்கள். அவற்றுக்குள் இருப்பவை கழற்றி அடுக்கிய மிதவை விமானங்கள். முதலாம் உலகப்போரின் பின்னரும் ஜேர்மனியின் இயந்திர விமானத் தொழிலுக்கு விலங்கு பூட்டப்பட்டது. அப்போது மாணவர்களும் இளைஞர்களும் வாசர்குப்பே என்ற மலைச்சரிவில் கூடி, இயந்திரமின்றிப் பறக்கக் கற்றனர். 1920இல் அங்கு முதலாவது போட்டி நடந்தது. இரண்டாவது தடை நீங்கியபோதும் முதலில் திறந்தது இதே கதவுதான். பறப்பதை முடித்ததும் விமானத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்து வீட்டுக்கு இழுத்துச் செல்வது இந்த மரபின் பழக்கம். மிலியுஸின் விமானம் அந்தப் பழக்கத்தை இயந்திர விமானத்துக்குக் கொண்டுவந்தது என்றே நான் வாசிக்கிறேன்.

இரண்டு தடைகளும் ஒரு சமூகத்தைச் சிறிய அளவில் சிந்திக்கப் பழக்கின. பெரியதைச் செய்ய முடியாத காலத்தில் சிறியதைத் திறமையாகச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1957இல் ஸ்ருட்காற் பல்கலைக்கழக மாணவர் கழகத்திலிருந்து வெளிவந்த பீனிக்ஸ் என்ற மிதவை விமானம் இதற்கு இன்னொரு சாட்சி. கண்ணாடி இழையையும் பிசினையும் கொண்டு கட்டிய விமானங்களுக்கு அதுவே முன்னோடி. 1968இல் பேல்கோ உள்ளிட்ட மூன்று நிறுவனங்கள் ஒன்றுகூடி, அதே பொருளில் எல்.எஃப்.யூ. 205 என்ற நால்வர் பயண விமானத்தைக் கட்டிப் பறக்கவிட்டன. ஒன்றே ஒன்று கட்டப்பட்டது. இன்றோ எயார்பஸ் ஏ350, போயிங் 787 போன்ற பெருவிமானங்களின் எடையில் ஏறக்குறையப் பாதி இழையும் பிசினும் கலந்த பொருட்களே. அந்த ஒற்றை விமானத்தை எவரேனும் தோல்வி என்று சொல்வாரானால், விதையைப் பார்த்து இது மரமாகவில்லையே என்று குறைகூறுவதற்கு ஒப்பாகும்.

எம்.எச்.கே. 101க்குத் திரும்புவோம். பறந்து காட்டிய மாதிரியின் மதிப்பை நிறுவனம் விரைவிலேயே உணர்ந்துகொண்டது. பி.ஓ. 209 என்ற இலக்கத்தையும் மொன்சூன் என்ற பெயரையும் சூட்டி உற்பத்திக்கு எடுத்தது. மொன்சூன் என்பது நம் பருவக்காற்றேதான். தென்மேற்கிலும் வடகிழக்கிலும் முறைமாறி வீசி நம் விதைப்பையும் அறுவடையையும் தீர்மானிக்கும் காற்றின் பெயர், அந்தக் காற்றே வீசாத நாட்டு விமானத்துக்கு வாய்த்தது ஒரு சுவையான தற்செயல். 1970இல் ஹனோவர் விமானக் கண்காட்சியில் அது வாடிக்கையாளர் முன் வைக்கப்பட்டது. ஓட்டியவர்கள் அதன் துரிதமான கையாள்கையைப் புகழ்ந்தனர். 150 குதிரைவலுவோடு மணிக்கு 250 கிலோமீற்றரை எட்டிய இரண்டு இருக்கை விமானம் அந்நாளில் மலிவாகக் கிடைக்கும் சரக்கன்று.

ஆனால் 1972இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. மொத்தம் 102 விமானங்கள்.

அந்த இடைவெளியில் நிறுவனம் வேறொன்றாக மாறியிருந்தது. 1968இல் பேல்கோவும் மெஸர்ஸ்மிற்றும் இணைந்தன. அடுத்த ஆண்டில் ஹம்பேர்க் விமான நிறுவனமும் சேர்ந்து எம்.பி.பி. என்ற பேருரு எழுந்தது. அதன் கைகளில் இருந்தவை தாங்கி எதிர்ப்பு ஏவுகணைகள், ஹெலிகொப்டர்கள், விண்வெளித் திட்டங்கள், எயார்பஸ் பயணிகள் விமானத்தின் பங்கு, பின்னாளில் டோர்னாடோ எனப் பெயர் பெற்ற முந்நாட்டுப் போர் விமானம் ஆகியன. இவற்றின் நடுவே வைத்தியரும் ஆசிரியரும் காரின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் குட்டி விமானத்துக்கு எந்த மேசையில் இடம் இருக்கும்?

நிறுவனத்தின் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். இலகு விமானச் சந்தை அமெரிக்காவின் செஸ்னா, பைப்பர் நிறுவனங்களின் கோட்டை. செஸ்னா 150 என்ற இரண்டு இருக்கை விமானம் மட்டும் இருபதினாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டது. அத்தகைய எண்ணிக்கையோடு விலையில் போட்டியிடுவது நூற்றுக்கணக்கில் கட்டுபவருக்கு இயலாத காரியம். 1969இல் ஜேர்மன் மார்க்கின் பெறுமதி உயர்த்தப்பட்டபோது ஏற்றுமதிச் சரக்கின் விலை மேலும் ஏறியது. 1973இல் எரிபொருள் நெருக்கடி வந்தது. பின்னாளில் செஸ்னாவே இயந்திரச் சுழலியோடு கூடிய தனது சிறு விமானங்களின் உற்பத்தியை 1986இல் நிறுத்தி, பத்து ஆண்டுகள் கழித்தே மீண்டும் தொடங்கியது. மலையே சாய்ந்த காற்றில் மொன்சூன் நின்றிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது.

அதைவிட வலுவான இன்னொரு வாதமும் உண்டு. எம்.பி.பி. தன் கவனத்தைக் குவித்தவற்றில் பி.ஓ. 105 ஹெலிகொப்டரும் ஒன்று. 1970 நவம்பரில் மியூனிக் நகரில் கிறிஸ்டோஃப் 1 என்ற பெயரோடு அது மீட்புப்பணியைத் தொடங்கியது. விபத்து நடந்த இடத்துக்கே வைத்தியரைப் பறக்கவைத்துக் கொண்டுசென்ற அந்த ஏற்பாடு, ஜேர்மனி முழுவதும் பரவி எண்ணற்ற உயிர்களைக் காத்தது. வார இறுதியில் உல்லாசமாகப் பறப்பதா, வீதியில் அடிபட்டுக் கிடப்பவரைக் காப்பதா என்று கேட்டால் என் விடையும் இரண்டாவதே.

எனினும் எம்.பி.பி.யின் முன் இருந்த தெரிவு அவ்வளவு தூய்மையானதன்று. அந்நிறுவனத்தின் மேசையில் உயிர்காக்கும் ஹெலிகொப்டருக்குப் பக்கத்தில் ஏவுகணையும் போர் விமானமும் இருந்தன. அவற்றுக்குப் பணம் கொடுத்தவை அரசுகள். அரசு கொடுத்த கட்டளைக்கு வாடிக்கையாளரைத் தேடித் திரிய வேண்டியதில்லை. விலை ஏறினாலும் பெரும்பாலும் அது வரிப்பணத்திலிருந்து வரும். மொன்சூனை வாங்க வேண்டியவரோ தன் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கும் தனிமனிதர். ஆகவே போட்டி இரண்டு விமானங்களுக்கு இடையில் நடக்கவில்லை. தனிமனிதரின் பணப்பைக்கும் அரசின் திறைசேரிக்கும் இடையில் நடந்தது. அதில் எது வெல்லும் என்பதற்குச் சோதிடம் பார்க்க வேண்டியதில்லை.

1955இல் சிறியவற்றோடு மீண்டும் எழுந்த ஒரு தொழில், பதினேழு ஆண்டுகளுக்குள் தான் எழுந்த படியைத் தானே உதறித் தள்ளியது. இடையில் அமெரிக்க ஸ்ரார்ஃபைற்றர் போர் விமானத்தை அனுமதி பெற்றுக் கட்டிப் பறந்ததில் மேற்கு ஜேர்மனி நூற்றுக்கும் மேற்பட்ட விமானிகளைப் பலிகொடுத்தது என்பதும் இக்காலத்துக் கதையே. தடை இருந்த காலத்தில் கட்டாயத்தால் கற்ற அடக்கத்தைச் செழிப்பு வந்ததும் மறந்துவிட்டார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

இப்படிச் சொல்வதனால் சிறிய விமானங்கள் யாவும் புனிதமானவை என்று நான் வாதிடுவதாக எவரும் எண்ணிவிடக் கூடாது. ஜூனியரின் உடன்பிறப்பான சுவீடன் நாட்டு எம்.எஃப்.ஐ. 9 விமானங்கள் ஐந்துக்கு 1969இல் ரொக்கெட்டுகள் பூட்டப்பட்டன. கார்ல் குஸ்தாவ் ஃபொன் ரோசன் என்ற சுவீடன் விமானி, பட்டினியால் மடிந்துகொண்டிருந்த பியாஃப்ராவின் சார்பில் அவற்றைக் கொண்டு நைஜீரியாவின் விமானத்தளங்களைத் தாக்கினார். பியாஃப்ராவின் குழந்தைகள் என்று அவற்றுக்குப் பெயர் வந்தது. அதே டோர்னியர் 27 விமானத்துக்கு வரிக்குதிரையின் கோடுகளைப் பூசி, செரங்கெட்டிப் புல்வெளியில் விலங்குகளைக் கணக்கெடுத்தார் விலங்கியலாளர் பேர்ன்ஹார்ட் கிரிசிமெக். அதே டோர்னியரைத் தன் ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளின் விடுதலைப் போராளிகளுக்கு எதிராகப் பயன்படுத்தியது போர்த்துக்கல்.

இலங்கைத் தமிழருக்கு இந்தப் பாடத்தை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 1980களிலும் 90களிலும் யாழ்ப்பாணத்துச் சிறுவர்கள் சத்தத்தைக் கேட்டே பெயர் சொல்லிப் பதுங்குகுழிக்குள் ஓடிய சியாமாசெட்டி, இத்தாலியில் ஸ்ரெலியோ ஃபிராற்றி என்பவர் 1960களில் வேகமான உல்லாசப் பயண விமானமாக வரைந்த ஒன்றின் வழிவந்தது. 2007 மார்ச்சில் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தின்மீது விடுதலைப் புலிகள் செலுத்திய விமானங்களும் செக் நாட்டின் நால்வர் பயண விமானங்களே. ஆக, வடிவமைத்தவரின் நோக்கம் கடைசிவரை அவர் படைத்த பொருளைக் காவல் காப்பதில்லை. இறக்கைக்கு அடியில் எதைக் கொழுவுவது என்பதைத் தீர்மானிப்பவர்கள் வேறு மனிதர்கள்.

அப்படியானால் நோக்கத்தைப் பற்றிப் பேசி என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. ஒரு பொருள் எதற்கெல்லாம் பயன்படுத்தப்படும் என்பதை முன்கூட்டியே கட்டுப்படுத்த முடியாது. ஆனால் ஒரு சமூகம் தன் மிகச்சிறந்த மூளைகளை யாருடைய தேவையைப் பற்றி யோசிக்க வைக்கிறது என்பதைத் தீர்மானிக்க முடியும். மிலியுஸ் என்ற தொழில்நுட்பப் பணிப்பாளர் தமது தனிப்பட்ட நேரத்தில் ஒரு சாதாரண மனிதரின் கொட்டகை வாடகையைப் பற்றி யோசித்தார். அவரது அலுவலக நேரத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை. அந்த எண்ணம் விமானமாகிப் பறந்த பின்னரே நிறுவனம் அதனை ஏற்றுக்கொண்டது. நான்கைந்து ஆண்டுகளில் கைவிட்டது. இந்த ஒழுங்கில்தான் கோளாறு இருக்கிறது.

மிலியுஸ் ஓய்ந்துவிடவில்லை. மொன்சூனின் உற்பத்தி நின்ற மறு ஆண்டிலேயே, ஒருவர் மட்டும் அமர்ந்து வானில் வித்தை காட்டும் விமானமொன்றைப் பறக்கவிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் டோர்னாடோ. எம்.பி.பி.யும் பிரித்தானிய, இத்தாலிய நிறுவனங்களும் சேர்ந்து கட்டிய போர் விமானம் 1974இல் பறந்தது. அதுவும் அதே பெயரையே சூடிக்கொண்டது. உலகம் அறிந்திருப்பது இரண்டாவது டோர்னாடோவை. ஒன்று விளையாட, மற்றையது குண்டுவீச. பெயரில்கூடச் சிறியதைப் பெரியது விழுங்கிவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. 1990களின் இறுதியில் மிலியுஸ் குடும்பத்தினர் மொன்சூனின் மரபில் இன்னொரு மாதிரியைக் கட்டி, அந்த வழியைத் தொடர முயன்றார்கள். எம்.பி.பி.யோ 1989இல் டெய்ம்லர் குழுமத்துக்குள் அடங்கி, இறுதியில் இன்றைய எயார்பஸ் பெருநிறுவனத்துக்குள் கரைந்துபோனது.

மிலியுஸ் கேட்ட கேள்வி மட்டும் கரையவில்லை. அமெரிக்காவில் 2009இல் பறந்து காட்டிய ரெறஃபூஜியா என்ற வாகனம் இறக்கையை மடித்துக்கொண்டு வீதியில் ஓடியது. ஐகொன் ஏ5 என்ற நீர்நில விமானம் இறக்கையை மடித்துக்கொண்டு காரின் பின்னால் செல்கிறது. இவற்றைப் புதுமை என்று விளம்பரம் செய்தவர்களுக்கு, 1967இன் கடுங்குளிரில் பறந்த ஒரு ஜேர்மன் மாதிரி அதே வாசலில் ஏற்கனவே நின்றது தெரிந்திருக்குமோ தெரியாது. விமானத்தை அதன் உடைமையாளரின் வீட்டு வாசலுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஆவல், சந்தை மறுத்தாலும் திரும்பத் திரும்ப எழுகிறது. ஒரு கேள்வி சரியானது என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி எனக்குத் தேவையில்லை.

மாதிரி விமானம் என்பது ஒரு முன்மொழிவு. அதனை உலகம் ஏற்கலாம், மறுக்கலாம், பாதியில் கைவிடலாம். அதன் தகுதியை, எத்தனை விற்றது என்ற கணக்கோடு சேர்த்து, யாருடைய இடைஞ்சலைத் தீர்க்க அது வரையப்பட்டது என்ற கணக்கையும் வைத்து அளக்க வேண்டும் என்பதே என் துணிபு. அந்த இரண்டாவது அளவுகோலைக் கையில் எடுத்தால், மொன்சூன் தோற்ற விமானமன்று. அதைப் பேணத் தெரியாத ஒரு தொழில்தான் தோற்றது. கட்டப்பட்ட 102 விமானங்களுள் சில இன்றும் ஐரோப்பாவின் புற்றரை ஓடுபாதைகளிலிருந்து மேலெழுந்துகொண்டிருக்கின்றன. அவற்றை ஓட்டுபவர்கள் அரைநூற்றாண்டைத் தாண்டிய அந்த உலோக இறக்கைகளைக் கவனமாக மடித்து வைக்கிறார்கள். தயாரித்த நிறுவனத்தின் பெயர்ப்பலகை கழற்றப்பட்டு நெடுங்காலமாகிவிட்டது.